வில்லனின் சொந்த ஊர்

கோயம்பேட்டில் நான் முதன்முதலாக இறங்கியது 2004-ல், விடிகாலை நாலே முக்காலுக்கு. கோவைப் பக்கம் ஒரு பாளையத்திலிருந்து பெட்டி, படுக்கை, அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் பாட்டில் சகிதம் வேலைக்கு வந்தவன். தூக்கக் கலக்கத்தோடு அண்ணாந்து பார்த்தால் பெரிதாக ஓர் ஆங்கிலப் பலகை: சென்னை மொஃபசில் பஸ் டெர்மினஸ். சென்னை தெரியும், பஸ் தெரியும், டெர்மினஸும் ஒருவாறு தெரியும். இந்த மொஃபசில் யார்? ஏதோ பழைய தலைவர் பெயராக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நம்மூரில் பேருந்து நிலையத்துக்கு வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்?

வெளியே டீக்கடையில் கேட்டேன். "அண்ணே, மொஃபசில்னா யாருண்ணே?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "யாரும் இல்ல தம்பி. உன்ன மாதிரி வெளியூர்லேர்ந்து வர்றவன்தான் மொஃபசிலு."

ஊரில் டிரைவர்கள் 'மொபசல் வண்டி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுதான் இது என்று அன்றைக்கு உறைக்கவில்லை. பின்னால் அகராதிகளைப் புரட்டியபோதுதான் டீக்கடைக்காரர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று தெரிந்தது. 'பிரிக்கப்பட்டது', 'தனித்தனியாக வைக்கப்பட்டது' என்று பொருள்படும் அரபுச் சொல் அது. பாரசீகம், இந்துஸ்தானி வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கச்சேரிக்குள் நுழைந்து ஆங்கிலமாகிவிட்டது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-ல் நீதிமன்றங்களை அமைத்தபோது, கல்கத்தாவில் இருந்தது 'சதர்' கோர்ட்டு, மாவட்டங்களில் இருந்தது 'மொஃபசில்' கோர்ட்டு. சதர் என்றால் தலைமை. தலை ஓரிடத்தில் இருந்தது. மிச்சம் இருந்த நாடு முழுவதும் மொஃபசில்.

யார் எங்கிருந்து பிரித்தார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. எங்கள் ஊர்க்காரர் யாரும் தன்னை 'நான் பிரிந்து கிடப்பவன்' என்று சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவர் சுற்றிலும் பார்த்து வைத்த பெயர் அது.

மொஃபசிலுக்கு விளக்கம் தேடியபோதுதான் ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி கையில் சிக்கியது. இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களின் களஞ்சியம், 1886-ல் வந்தது. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூலைப் பலருக்கும் தெரியும். இன்னொருவர் ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவர்தான். அகராதி அச்சேறுவதைப் பார்க்காமலே 1882-ல் இறந்துபோனார். கல்கத்தாக்காரன் பார்வையில் தஞ்சாவூரும் மொஃபசில்தானே. ஆக, மொஃபசிலுக்குப் பொருள் எழுதியவர்களில் ஒருவர் மொஃபசில்வாசி. அந்த நினைப்பில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். நகரத்துக்கு வெளியே இருக்கும் குடியிருப்புகளுக்கு ஆங்கிலத்தில் என்னென்ன பெயர் உண்டோ, ஒவ்வொன்றின் வேரையும் தோண்டிப் பார்ப்பது. தோண்டிய இடத்திலெல்லாம் பெரும்பாலும் ஒரு வேலியோ மதிலோதான் தட்டுப்பட்டது.

'டவுன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு டவுன் என்றால் கடைவீதி, சினிமாக் கொட்டகை, பஸ் ஸ்டாண்டு. பழைய ஆங்கிலத்தில் 'தூன்' என்றால் வேலி போட்டு அடைத்த இடம். அதன் உடன்பிறப்புகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜெர்மனில் அதே சொல் 'ட்சௌன்': இன்றைக்கும் வேலிதான். டச்சு மொழியில் தோட்டம். ஆங்கிலத்தில் மட்டும் அது வேலியிலிருந்து வேலிக்குள் இருக்கும் களத்துக்கும், களத்தோடு சேர்ந்த வீட்டுக்கும், நாலு வீடு சேர்ந்த ஊருக்கும் ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் பட்டணமாகிவிட்டது. ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்தில் பண்ணை வீட்டைக் குறிக்க 'டூன்' என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் 'தோட்டம்' என்றால் செடிகொடி மட்டும் இல்லை. கிணறு, கட்டுத்தறி, சாளை, அதில் குடியிருக்கும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். "தோட்டத்துல இருக்கறாங்க" என்றால் அங்கேயே வீடு கட்டி வாழ்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் அப்பாருவின் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் போதும், தானாகத் துளிர்த்து அடர்ந்துவிடும், ஆடு உள்ளே நுழையாது. ராத்திரிக்கு ஆடுகளை அடைக்கத் தனியாகப் படல் கட்டிய பட்டி. அந்தப் பட்டி என்ற சொல்தான் ஆண்டிபட்டியிலும் உசிலம்பட்டியிலும் ஊராகி உட்கார்ந்திருக்கிறது. ஆட்டை அடைத்த இடம் ஆள் வாழும் இடமாவது இங்கிலாந்துக்கு மட்டும் வாய்த்த அதிசயம் இல்லை.

ஆங்கில ஊர்ப்பெயர்களின் வாலில் 'டன்' என்று வந்தால் பெரும்பாலும் அது இந்தத் தூன்தான். கிங்ஸ்டன் ராஜாவின் பண்ணை, பிரஸ்டன் பாதிரிமாரின் பண்ணை. வட இங்கிலாந்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. வாசா என்பவனுடைய ஆட்களின் பண்ணை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்த ஊரை வைத்துக் குடும்பப் பெயர் கொண்டவர்களின் வழியில் வந்தவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். உலகத்தையே ஆட்டிப் படைக்கும் தலைநகரத்தின் பெயரை எங்களூர்ப் பேச்சில் சொன்னால் 'மாரப்பன் தோட்டம்' மாதிரி ஒன்றுதான் வரும்.

இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் போனால் 'டவுன்ஷிப்' என்று பலகை வைத்து, நாலாபுறமும் மதில் எழுப்பி, வாசலில் செக்யூரிட்டி நிறுத்தி, உள்ளே போகிறவரிடம் ஃபோன் நம்பர் வாங்குகிறார்கள். சுற்றிவளைத்து ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பொருளுக்கே சொல் திரும்பி வந்துவிட்டது. ஆடுகளுக்குப் பதில் நாம்.

மதில் என்றதும் 'காம்பவுண்டு' ஞாபகம் வருகிறது. தமிழில் இதைவிட வீட்டுச் சொல்லான ஆங்கிலச் சொல் கிடையாது. ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம், ஒரே கிணறு, தினம் ஒரு சண்டை. இது மலாய் மொழியின் 'கம்போங்'கிலிருந்து வந்தது என்பதுதான் ஹாப்ஸன்-ஜாப்ஸன் அலசி ஆராய்ந்து வந்தடையும் முடிவு. பிற்கால அகராதிகளும் பெரும்பாலும் அதையே ஏற்கின்றன. கம்போங் என்றால் அடைப்பு, அதனால் கிராமம். மலேசியத் தமிழர்கள் 'கம்பத்து வீடு' என்கிறார்களே, அதே கம்பம். ஆக மதுரையில் ஒருவர் 'காம்பவுண்டு சுவர்' கட்டினால், ஒரு மலாய்க் கிராமத்தை வெள்ளைக்காரன் வாய் வழியாக வாங்கித் தன் வீட்டைச் சுற்றி எழுப்புகிறார்.

சரி, வில்லன் கதைக்கு வருவோம். தலைப்பில் போட்டுவிட்டு இழுத்தடிக்கக் கூடாது.

ரோமானியர்களுக்கு 'வில்லா' என்றால் நகரத்துக்கு வெளியே நிலம் வைத்திருப்பவரின் பண்ணை மாளிகை. எண்ணெய் ஆட்டவும் திராட்சை பிழியவும் தானியம் சேர்க்கவும் இடம், வேலையாட்களுக்குக் கொட்டடி. அந்த மாளிகையைச் சுற்றி உண்டான குடியிருப்பு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'வில்லேஜ்' ஆனது. பிரெஞ்சிலோ 'வீல்' என்றால் இன்று நகரமே. அந்தப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த உழவன்தான் 'வில்லானுஸ்', பிரெஞ்சில் 'விலேன்'. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நாடு முழுவதும் யாரிடம் எத்தனை ஏர் இருக்கிறது என்று 1086-ல் கணக்கெடுத்தார்கள். டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதில் ஊர் ஊராக வில்லானுஸ்கள் வருகிறார்கள்: இந்தப் பண்ணையில் இத்தனை பேர், அந்தப் பண்ணையில் இத்தனை பேர் என்று. கணக்குப்பிள்ளை எழுதிய சாதாரணச் சொல். அவர்களில் ஒருவன்கூடக் கதாநாயகியைக் கடத்தவில்லை.

பிறகு என்ன நடந்தது? எழுதுகிறவன் எல்லாம் பிரபுவின் அரண்மனையில் உட்கார்ந்திருந்தான். பிரபுவின் வீட்டில் வளர்ந்தவனுக்கு நாசூக்கு தெரியும், பண்ணையாளுக்குத் தெரியாது. நாசூக்கு தெரியாதவன் மட்டமானவன், மட்டமானவன் எதையும் செய்வான், எதையும் செய்கிறவன் அயோக்கியன். இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் உழவன் அயோக்கியனாகிவிட்டான். அவன் செய்த குற்றம் பட்டணத்தில் பிறக்காதது. ஒரு கட்டத்தில் ஆங்கிலத்துக்கே வெட்கமாகப் போயிற்றோ என்னவோ, எழுத்துக்கூட்டலை மாற்றி இரண்டு சொல்லாகப் பிரித்துக்கொண்டது. பண்ணையடிமைக்கு ஒரு எழுத்து, கெட்டவனுக்கு வேறு எழுத்து.

கெட்டவன் கப்பலேறித் தமிழ் சினிமாவுக்கு வந்தான். தமிழுக்கு 'ன்' விகுதி வசதியாக அமைந்ததில் ஒரே நாளில் உள்ளூர்க்காரனாகிவிட்டான். இராமன், கண்ணன், வில்லன். பெண்பாலுக்கு ஆங்கிலத்தைக் கேட்கவே இல்லை, நாமே 'வில்லி' செய்துகொண்டோம். 'வில்லத்தனம்' வேறு. நம்பியாரை நேரில் கண்டால் அடித்துவிடுவேன் என்று சொன்ன பாட்டிகள் உள்ள நாட்டில், அந்தப் பட்டத்தின் வேர் தங்களைப் போன்ற காட்டுவேலைக்காரர்களைக் குறித்த சொல் என்று யார் போய்ச் சொல்வது?

இதில் '16 வயதினிலே' படத்தை நினைத்துப் பார்த்தால் இன்னும் சுவை. 1977-ல் பாரதிராஜா எடுத்தது. கிராமத்து ரவுடி பரட்டை ஒரு வில்லன், பட்டணத்திலிருந்து வந்து ஏமாற்றிவிட்டுப் போகும் டாக்டர் இன்னொரு வில்லன். சொல்லின் வேரை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பரட்டை மட்டும்தான் அசல் வில்லன். ஊர்க்காரன் அவன்தானே!

கடற்கரைச் சாலையில் இன்று கோடிக்கணக்கில் விற்கும் 'வில்லா'வும் இதே சொல்தான். வீடு மேலே ஏறியது, வீட்டில் வேலை செய்தவன் கீழே இறங்கினான்.

இது ஒரு சொல்லோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். காட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'சாவேஜ்' வந்தது, காட்டுமிராண்டி. 'பூர்' என்றால் முரடன், அதற்கு முன்பு வெறும் விவசாயி. 'நெய்பர்' என்ற அருமையான சொல்லின் பின்பாதியில் அதே விவசாயிதான் ஒளிந்திருக்கிறான்: பக்கத்துக் குடியானவன். இந்தப் பக்கம் நகரத்திலிருந்து வந்த சொற்களைப் பாருங்கள். 'அர்பேன்', 'சிவில்', 'சிவிலைசேஷன்'. எல்லாம் பன்னீர் தெளித்த சொற்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? நகரத்திலிருந்துதான் நாகரிகம் வந்தது, பட்டிக்காட்டிலிருந்து பட்டிக்காட்டான் வந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விழித்துக்கொண்டிருந்தவனை ஒருவர் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், பின்னால் எனக்குக் கடன்கூடக் கொடுத்தார். ஆனால் திருக்குறளில் 'நாகரிகம்' வரும் இடத்தைப் பார்த்தால் நகரத்து வாடையே இல்லை. கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வருகிறது, பிறர் மேல் உள்ள தாட்சண்யத்தைப் பற்றிப் பேசும்போது. லிஃப்டுக்குள் அது எனக்குத் தெரிந்திருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. நாலாவது மாடியில் இறங்க வேண்டியவன் ஆறாவதில் இறங்கினேன்.

மதத்திலும் இதே கதை. 'பேகன்' என்றால் இன்று கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வணங்குகிறவர். லத்தீனில் 'பாகுஸ்' என்பது நாட்டுப்புற வட்டாரம், 'பாகானுஸ்' அங்கே இருப்பவன். நகரங்களில் புது மதம் பரவிய பிறகும் நாட்டுப்புறத்தான் பழைய சாமியை விடவில்லை, அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். ரோமானியச் சிப்பாய்கள் பட்டாளத்தில் இல்லாதவனைக் கேலியாக 'பாகானுஸ்' என்பார்கள், தங்களைக் கிறிஸ்துவின் சிப்பாய்கள் என்று எண்ணிக்கொண்டவர்கள் அதையே வெளியாட்களுக்கு வைத்தார்கள் என்பது இன்னொன்று. எப்படியானாலும் வேர் நாட்டுப்புறம்தான். 'பெசன்ட்' என்ற சொல்லும் அதே பாகுஸின் பேரப்பிள்ளை. 'ஹீதன்' என்பதையும் 'ஹீத்' எனப்படும் புதர்க்காட்டில் இருப்பவன் என்றுதான் வெகுகாலமாக விளக்கி வருகிறார்கள்.

என் சித்தப்பா மகன் லண்டனில் ஹாரோவில் இருக்கிறான். சில வருஷத்துக்கு முன் அவனிடம் போய்ப் பத்து நாள் இருந்தேன். தெருவில் இறங்கினால் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழும், முருங்கைக்காய் கிடைக்கும், இடியப்பம் கிடைக்கும். ஒரு மத்தியானம் குன்றின் மேல் ஏறினோம். உச்சியில் புனித மேரி தேவாலயம், 1094-ல் அர்ச்சிக்கப்பட்டது. பக்கத்திலேயே நேருவும் சர்ச்சிலும் படித்த பள்ளிக்கூடம். "இந்த ஊர்ப் பேருக்கு என்னடா அர்த்தம்?" என்றேன். "கலப்பை மாதிரி ஏதோண்ணா" என்றான். ஆங்கிலத்தில் ஹாரோ என்றால் பரம்பு மாதிரியான ஓர் உழவுக் கருவி, அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஊரின் பெயர் அதுவல்ல. 767-ஆம் வருஷத்து ஆவணம் ஒன்றில் இந்த இடத்தின் பெயர் இருக்கிறது: குமெனிங்கர் என்ற கூட்டத்தாரின் 'ஹெர்க்'. ஹெர்க் என்றால் கோயில். ஏசுவை ஏற்காதவர்களின் கோயில்!

அவனிடம் சொன்னேன். திரும்பி வரும்போது வீட்டுச் சாமி மாடத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தான். வழக்கமாகவே வெள்ளிக்கிழமை வாங்குவதுதான்.

தமிழர்கள் நிறைந்த இன்னொரு இடம் ஈஸ்ட் ஹாம். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் எல்லாவற்றிலும் வரும் 'ஹாம்' வீடு, 'ஹோம்' என்பதன் பழைய வடிவம். நாட்டிங்ஹாமின் முழுப்பெயர் 'ஸ்னாட்டிங்ஹாம்', ஸ்னாட் என்பவனின் ஆட்கள் வாழ்ந்த இடம். நார்மன்களுக்கு 'ஸ்ன' நாக்கில் வராததால் 'ஸ்' உதிர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் ஸ்னாட் என்றால் மூக்குச்சளி, ஆகவே ஊர்க்காரர்கள் நார்மன்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ஈஸ்ட் ஹாமின் ஹாம் வேறு. அது தண்ணீரும் சதுப்பும் சூழ்ந்த மேட்டு நிலத்தின் பெயர். உச்சரிப்பு ஒன்றாகிப் போனதில் இரண்டும் கலந்துவிட்டன. 'ஹேம்லெட்' என்றால் குக்கிராமம்: 'ஹாம்' என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒருமுறை சிறிதாக்கி, அது போதாதென்று இன்னொரு முறையும் சிறிதாக்கியதில் வந்தது. சின்னஞ்சிறு வீடு. ஷேக்ஸ்பியரின் இளவரசனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த வால்களையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். இரண்டு மட்டும். 'பி' என்று முடியும் கிரிம்ஸ்பி, விட்பி போன்றவை டேனிஷ்காரர்கள் குடியேறிய ஊர்கள், 'பீ' அவர்கள் மொழியில் ஊர். போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் மொட்டை மாடியில் வடகம் காயப்போடலாமா கூடாதா என்று ஒன்றரை மணி நேரம் 'பைலா'வை வைத்துச் சண்டை போட்டார்களே, அந்தப் பைலாவின் முதல் பாதி இந்தப் 'பீ'தான் என்கிறார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்று பொருள். வடகம் தோற்றது. இன்னொன்று 'செஸ்டர்'. லத்தீனில் 'காஸ்த்ரா', படை முகாம். மான்செஸ்டர் ரோமானியப் பட்டாளம் கூடாரமடித்த இடத்தில் எழுந்த ஊர். படை தங்கிய இடத்துக்கு நம் சொல் பாளையம். கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பஞ்சாலைகளை நினைத்துத்தான் சொன்னார்கள். கவுண்டம்பாளையம், பாப்பநாயக்கன்பாளையம் என்று ஊரைச் சுற்றிக் கிடக்கும் பாளையங்களை எண்ணிப் பார்த்தால் அந்தப் பட்டப்பெயர் பஞ்சு இல்லாமலே பொருந்துகிறது.

இனி 'சபர்ப்'. ரோமானியர்களுக்கு 'உர்ப்ஸ்' என்றால் நகரம், பெரும்பாலும் ரோம். 'சப்' என்றால் அடியில், அல்லது அதை ஒட்டி. மதிலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடப்பது சபர்ப். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பொட்டல் காட்டில் கல் நட்டுவிட்டு 'சென்னைக்கு மிக அருகில்' என்று விளம்பரம் செய்கிறார்களே, லத்தீன் தெரியாமலே நேர் மொழிபெயர்ப்பு செய்திருக்கிறார்கள்.

நல்ல வீடு, தோட்டம், நிம்மதி என்று இன்று நினைவுக்கு வரும் சபர்ப், நானூறு வருஷத்துக்கு முன்பு லண்டன்காரனுக்கு முகம் சுளிக்க வைத்த சொல். நகரத்துக்குள் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் மதிலுக்கு வெளியே போய்ச் சேர்ந்தது: தோல் பதனிடுகிறவன், கொழுப்பு உருக்குகிறவன், பிழைப்புத் தேடி வந்த அகதி. சாசரின் கான்டர்பரி கதைகளில் வரும் போலி ரசவாதி எங்கே குடியிருக்கிறான் என்று பார்த்தால், திருடர்கள் பதுங்கும் புறநகர்ச் சந்துகளில். பதினாலாம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர். நாடகக்காரர்களும் அங்கேதான். 1576-ல் ஷோர்டிச்சில் ஓர் அரங்கம் எழுந்தது, 1599-ல் தேம்ஸுக்குத் தென்கரையில் சவுத்வர்க்கில் குளோப். லண்டன் மேயரின் உத்தரவு அங்கே செல்லாது, அதுதான் காரணம். பக்கத்தில் கரடிச் சண்டை, அதற்குப் பக்கத்தில் விபசார விடுதிகள். அந்த விடுதிகள் இருந்த நிலம் வின்செஸ்டர் பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்டது, வாடகையும் அவருக்குப் போனது. உலகம் கொண்டாடும் நாடகங்கள் பிறந்த இடத்தின் விலாசம் இதுதான். நகரம் துப்பிய இடம்.

சபர்ப்பின் மானத்தைக் காப்பாற்றியது ரயில். 1863-ல் லண்டனில் மெட்ரோபாலிட்டன் ரயில்வே ஓடத் தொடங்கி, பிறகு ஊருக்கு வெளியே வயல்களுக்குள் நீண்டது. அந்தக் கம்பெனி தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தில் வீடுகள் கட்டி விற்றது. 1915-ல் 'மெட்ரோலேண்ட்' என்று ஒரு பெயர் கண்டுபிடித்து, 1932 வரை வருஷாவருஷம் அழகான கையேடு போட்டது. புகை மண்டிய லண்டனில் ஏன் கிடக்கிறீர்கள், ரோஜாத் தோட்டத்தோடு வீடு வாங்கிக்கொண்டு ரயிலில் வேலைக்குப் போங்கள் என்று. சந்தைப்படுத்தல் கைவந்ததும் பல நூற்றாண்டு வசவு பத்திருபது வருஷத்தில் விற்பனைச் சொல்லாகிவிட்டது. நம்ம ஹாரோவும் அந்த ரயில் பாதையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இது இன்னும் தள்ளிப் போய், சபர்ப்புக்கும் அப்பால் குடியேறியவர்களைப் பற்றி 1955-ல் ஸ்பெக்டர்ஸ்கி என்பவர் எழுதிய புத்தகத்தால் 'எக்ஸர்ப்' என்ற சொல் பரவியது. ஒட்டியிருப்பது சபர்ப், வெளியே தெறித்தது எக்ஸர்ப்.

ஆங்கிலம் தன் சொந்த நாட்டுப்புறத்தைத் திட்டித் தீர்த்த பிறகு பிறருடைய நாட்டுப்புறத்துக்குப் போனது. அமெரிக்கர்கள் ஒதுக்குப்புறமான பொட்டக்காட்டை 'பூண்டாக்ஸ்' என்பார்கள். அது பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் மலை. 1899-ல் அங்கே சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களின் வாய் வழியே வந்தது. மலைவாசிக்கு அது மலை, சிப்பாய்க்குச் சனியன் பிடித்த இடம். மொஃபசில், காம்பவுண்டு, பூண்டாக்ஸ், மூன்றுமே பட்டாளத்தோடும் கச்சேரியோடும் பயணம் செய்த சொற்கள்.

தமிழிலிருந்தும் அப்படி ஒன்று போயிருக்கிறது: 'பெட்டா'. ஹாப்ஸன்-ஜாப்ஸன் அதைத் தமிழ் என்கிறது. நம் பேட்டை. கோட்டைக்கு வெளியே, கோட்டையை ஒட்டி, வியாபாரிகளும் நெசவாளிகளும் வாழ்ந்த ஊரை ஆங்கில ராணுவம் பெட்டா என்று குறித்தது. 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தபோது முதலில் விழுந்தது பெட்டா, இரண்டு வாரம் கழித்துத்தான் கோட்டை. அந்தப் போரின் குறிப்புகளில் இந்தச் சொல் எங்கும் இறைந்து கிடக்கும். சென்னையில் நெசவாளர்களுக்கென்றே 1734-ல் கம்பெனி உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. ஆங்கிலத்துக்குப் போன பேட்டைக்குக் கிடைத்தது சபர்ப்பின் இடம்: மதிலுக்கு வெளியே. தமிழிலேயே தங்கிவிட்ட பேட்டைக்கு அந்தக் கதி இல்லை. "இது எங்க பேட்டை" என்று ஒருவன் சொன்னால் அவன்தான் அங்கே நடுநாயகம், கோட்டைக்காரன்தான் வெளியாள். அந்த மிடுக்கு வேறு எந்த மொழியின் புறநகர்ச் சொல்லிலும் எனக்குத் தென்படவில்லை.

பிரெஞ்சில் 'ஃபோபூர்' என்று ஒன்று உண்டு. கோட்டைக்கு வெளியே என்பதுதான் நேர்ப் பொருள். அதைப் படித்தபோது கொழும்பு ஞாபகம் வந்தது. கோட்டைக்குக் கிழக்கே நெரிசலான அந்த மொத்த வியாபாரக் கடைவீதிகளுக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் பெட்டா என்றுதான் பெயர். சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ', கோட்டைக்கு வெளியே. தமிழில் புறக்கோட்டை. பெயர்ப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருப்பார்கள். அந்த மூன்று வரியில் இரண்டு தமிழ்ச் சொல். ஒன்று தமிழ் எழுத்தில் இருக்கிறது, இன்னொன்று ஆங்கில எழுத்தில்.